மயானத் தொழிலாளரின் பணிப்பகிஷ்கரிப்பும் மரித்தோரின் உரிமையும்

ஆசிரியர்கள் பணிக்குச் செல்லாவிட்டால் பாடம் தவறும். ரயில் ஓடாவிட்டால் பயணம் தவறும். இவற்றைப் பிறிதொரு நாளில் ஓரளவுக்கேனும் ஈடுசெய்துகொள்ளலாம். ஆனால், மயானத்தில் குழி வெட்டுபவரும் தகனசாலையில் உலையை இயக்குபவரும் பணிக்கு வராதுவிட்டால், இறந்தவரின் உடல் பிரேத அறையில் காத்துக்கிடக்க, உறவினர்கள் அழுது முடிக்கவும் வழியின்றித் தவிக்க நேரிடுகின்றது. ஆதலால்தான், ஆளணிக் குறைப்பை எதிர்த்து மயான, தகனசாலைத் தொழிலாளர் பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கக்கூடும் என்ற செய்தி எந்த நகரத்திலிருந்து வந்தாலும் அது ஏனைய தொழிற்பிணக்குகளைப் போலன்றி மக்களை உடனடியாக அதிர்ச்சியடையச் செய்கின்றது.

அந்த அதிர்ச்சி நியாயமானது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், அதன் சினம் முழுவதும் மண்வெட்டியைக் கீழே வைத்த தொழிலாளி மீது மட்டும் திரும்புவது நியாயந்தானா என்பதே நாம் இங்கு ஆராய விரும்பும் கேள்வியாகும். பணிப்பகிஷ்கரிப்பினால் இரண்டு வாரம் தாமதமாகும் நல்லடக்கத்தை உலகமே காண்கின்றது. ஆட்குறைப்பினால் ஆண்டு முழுவதும் ஒருநாள், இருநாள் என்று தாமதமாகும் நல்லடக்கங்களை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. கடந்த முக்கால் நூற்றாண்டு காலத்தில் மேலைநாடுகளில் நிகழ்ந்த சில பிணக்குகளை நோக்கினால் இவ்வுண்மை புலப்படும்.

நியூயோர்க், 1949

நியூயோர்க் நகரின் குயின்ஸ் பகுதியிலுள்ள கல்வாரி சேமக்காலை கத்தோலிக்கத் திருச்சபையின் நிருவாகத்துக்கு உட்பட்டது. அங்கு பணியாற்றிய சுமார் 240 தொழிலாளர்கள் 1949 ஜனவரியில் வேலையை நிறுத்தினர். வாரத்திற்கு 48 மணித்தியாலம் உழைத்துப் பெற்ற ஊதியத்தை 40 மணித்தியால வாரத்துக்கும் வழங்கவேண்டும் என்பதே அவர்களது பிரதான கோரிக்கை. அவர்களில் பெரும்பாலானோர் கத்தோலிக்கர்களே. பிணக்கு நீடித்து, அடக்கம் செய்யப்படாத சவப்பெட்டிகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. பேராயர் கர்தினால் ஸ்பெல்மன் மார்ச் மாதத்தில் குருமட மாணவர்களைத் தாமே அழைத்துச்சென்று குழி வெட்டச் செய்தார். தொழிற்சங்கத்தின் மீது கம்யூனிசச் சாயம் பூசப்பட்டது. அதேவேளை, கத்தோலிக்கத் தொழிலாளர் இயக்கத்தின் டொரதி டே அம்மையார் தொழிலாளர் பக்கம் நின்று கர்தினாலுக்குக் கடிதம் எழுதினார்.

மார்ச் நடுப்பகுதியில் பிணக்கு முடிவுக்கு வந்தது. சுமார் எட்டு சதவீத ஊதிய உயர்வு கிடைத்தது. 40 மணித்தியால வாரம் கிடைக்கவில்லை. இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல் என்று போதித்த ஒரு நிறுவனம், அதே செயலைத் தொழிலாகக் கொண்டோரின் வயிற்றுப்பாட்டை விலைபேசி முடிக்க இரண்டு மாதங்கள் எடுத்தது என்பதே இதில் நாம் நினைவிற்கொள்ள வேண்டியதாகும்.

லிவர்பூல், 1979

மயானத் தொழிலாளர் போராட்டம் என்றதும் பிரித்தானியாவில் இன்றும் நினைவுகூரப்படுவது 1979 ஆம் ஆண்டின் லிவர்பூல் சம்பவமேயாகும். பிரதமர் கலகனின் தொழிற்கட்சி அரசாங்கம் ஊதிய உயர்வை ஐந்து சதவீதத்துக்குள் கட்டுப்படுத்த முயன்றது. அதற்கு எதிராக 1978 இன் பிற்பகுதியில் தொடங்கிய போராட்ட அலை, 1979 ஜனவரி 22 ஆம் திகதி சுமார் 15 இலட்சம் அரசாங்க, உள்ளூராட்சி ஊழியர் பங்குகொண்ட பெரும் பகிஷ்கரிப்பாக உருவெடுத்தது. அந்த அலையில், லிவர்பூலிலும் மன்செஸ்ரருக்கு அண்மையிலுள்ள ரேம்சைட்டிலும் குழி வெட்டுவோர் பணியை நிறுத்தினர்.

லிவர்பூலில் பணியை நிறுத்தியோர் 80 பேர் மாத்திரமே. ஆயினும், மாநகர சபை ஸ்பீக் பகுதியில் ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து உடல்களைப் பாதுகாக்க வேண்டியதாயிற்று. ஒரு கட்டத்தில் அங்கு 150 உடல்கள் இருந்தன. நாளொன்றுக்கு மேலும் 25 உடல்கள் வந்துசேர்ந்தன. பகிஷ்கரிப்பு மாதக்கணக்கில் நீடித்தால் என்ன செய்வீர்கள் என்று பத்திரிகையாளர் ஒருவர் விடாது வினவியபோது, கடலில் அடக்கம் செய்வது பற்றியும் ஆலோசிக்க நேரலாம் என்று நகரின் சுகாதார மருத்துவ அதிகாரி பதிலளித்தார். அது ஓர் அனுமானப் பதில் மட்டுமே. ஆயினும், மறுநாள் அதுவே நாட்டைக் கலக்கிய செய்தியாயிற்று.

இரு வாரங்களில் 14 சதவீத உயர்வுடன் தொழிலாளர்கள் பணிக்குத் திரும்பினர். கணக்கில் அது வெற்றியே. ஆனால், 1979 மே மாதப் பொதுத்தேர்தலில் மார்கிரட் தட்சர் அம்மையார் ஆட்சிக்கு வந்தபின், பல்லாண்டு காலம் பழமைவாதக் கட்சியினர் தொழிற்சங்கங்களைச் சாடும்போதெல்லாம் "இறந்தோரை அடக்கம் செய்யவிடாத காலம்" என்று இந்த 80 பேரையே சுட்டிக்காட்டினர். பிரித்தானியாவின் முழுத் தொழிற்சங்க இயக்கத்தின் மீதும் வீசப்பட்ட கல்லாக லிவர்பூல் மயானம் மாறியது. தொழிற்சங்கத் தலைவர்கள் இதனை மறந்துவிடலாகாது. மயானத்தின் வாயிலில் நிற்கும் துயருற்ற குடும்பமும் பெரும்பாலும் உழைக்கும் குடும்பமே. அதன் அனுதாபத்தை இழந்த போராட்டம், ஊதியத்தை வென்றாலும் வேறெதையோ தோற்றுவிடுகின்றது.

மொன்றியல்: கற்றுக்கொள்ளாத பாடம்

நியூயோர்க்கும் லிவர்பூலும் வேலைநேரம், ஊதியம் பற்றிய பிணக்குகள். வேலைவாய்ப்பே பிணக்காக மாறியதைக் காண்பதற்குக் கனடாவின் மொன்றியல் நகருக்குச் செல்லவேண்டும். 1854 இல் திறக்கப்பட்ட நோட்ர-டாம்-டெ-நேஜ் கல்லறைத் தோட்டம் கனடாவிலேயே மிகப் பெரியது. அங்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் துயில்கின்றனர். அதனை அடுத்துள்ள கோட்-டெ-நேஜ் பகுதி, 1980களுக்குப் பின் இலங்கையிலிருந்து சென்ற நம்மவர் பலர் குடியேறிய இடம் என்பதையும் இங்கு குறிப்பிடலாம்.

2007 மே மாதம் முதல் செப்ரெம்பர் வரை நீடித்த பிணக்கில் அங்கே நூற்றுக்கணக்கான உடல்கள் அடக்கத்துக்காகக் காத்துக்கிடந்தன. இனியொருபோதும் இது நிகழலாகாது என்று அன்று எல்லோரும் பேசினர். ஆயினும், 2018 இறுதியில் காலாவதியான தொழில் உடன்படிக்கை புதுப்பிக்கப்படாமலேயே ஆண்டுகள் உருண்டன. நிருவாகம் நிதிப் பற்றாக்குறையைக் காரணம் காட்டியது. ஊதியத்தோடு, எத்தனை பேரை நிரந்தரமாக வேலையில் வைத்திருப்பது என்பதும் முரண்பாட்டுக்குரிய விடயமாயிற்று. 2022 செப்ரெம்பரில் அலுவலக ஊழியரும், 2023 ஜனவரி 12 ஆம் திகதி பராமரிப்புத் தொழிலாளரும் பணியை நிறுத்தினர்.

கியூபெக் மாகாணத்தில் குளிர்காலத்தில் நிலம் உறைந்துவிடும். ஆதலால் உடல்களைக் குளிரறையில் வைத்து வசந்த காலத்தில் அடக்கம் செய்யும் வழக்கம் அங்கு உண்டு. அவ்வாண்டு வசந்தம் வந்தும் குழிகள் வெட்டப்படவில்லை. 300க்கும் மேற்பட்ட உடல்கள் காத்திருந்தன. பூட்டிய வாயில்களுக்கு வெளியே நின்று மலர்வைத்துத் திரும்பிய குடும்பங்கள் பல. கல்லறைகள் மீது புல் வளர்ந்து பெயர்களை மறைத்தது. கோடைகாலத்திலேயே உடன்பாடு எட்டப்பட்டது.

பிணக்கு ஆறு மாதமே நீடித்ததாகத் தோன்றும். உண்மையில் அது உடன்படிக்கை காலாவதியான நாளிலிருந்து நான்கு ஆண்டுகளுக்கு மேலாக மேசையில் கிடந்தது. அந்த நான்கு ஆண்டுகளும் எவருடைய கண்ணிலும் படவில்லை. இறுதி ஆறு மாதங்களே தலைப்புச் செய்தியாயின. 2025 மே மாதத்தில் கியூபெக் சட்டசபை, பணிநிறுத்தங்களின்போது மக்களுக்கு இன்றியமையாத சில சேவைகளைத் தொடரச் செய்யும் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அச்சட்டம் பற்றிய விவாதத்தில் இந்தக் கல்லறைத் தோட்டமும் உதாரணமாகக் காட்டப்பட்டது. நான்கு ஆண்டு இழுபறியைத் தடுப்பதற்கும் அதே வேகத்துடன் சட்டம் இயற்றப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"ஆள் மிகை" என்னும் வாதம்

மயானங்களில் ஆளணியைக் குறைக்க முனையும் சபைகள் பொதுவாக இரண்டு காரணங்களைக் கூறுகின்றன. ஒன்று, வரவு-செலவில் துண்டுவிழும் தொகை. மற்றையது, தகனம் பெருகியதனால் குழி வெட்டும் வேலை குறைந்துவிட்டது என்பது. பிரித்தானியாவில் இன்று இறப்போரில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் தகனம் செய்யப்படுகின்றனர் என்பது உண்மையே. இயந்திரம் குழி தோண்டுவதும் உண்மையே.

ஆனால், இந்தக் கணக்கில் விடுபட்டவை பல. பழைய கல்லறைகளுக்கிடையே இயந்திரம் நுழையாத இடங்களில் கையினாலேயே தோண்டவேண்டும். ஆழமான குழியின் பக்கங்கள் சரியாதவாறு பலகை முண்டு கொடுக்கவேண்டும். சாய்ந்துநிற்கும் கல்லறைக் கற்கள் வருவோர் மீது விழாதவாறு சோதிக்கவேண்டும். அடக்கங்கள் குறைந்தாலும், ஏற்கெனவே அடங்கியோரின் நிலம் குறைவதில்லை. அதன் பராமரிப்புக்கு முடிவும் இல்லை.

தகனசாலைப் பணியும் வெறும் பொத்தானை அழுத்துவதன்று. ஆவணங்கள் சரிபார்க்கப்பட வேண்டும். இதயமுடுக்கி போன்ற கருவிகள் வெப்பத்தில் வெடிக்கக்கூடியவை ஆதலால் அவை அகற்றப்பட்டதை உறுதிசெய்ய வேண்டும். உலை ஏறக்குறைய 800 முதல் 1,000 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இயங்கும். ஓர் உடல் தகனமாகச் சுமார் ஒன்றரை மணித்தியாலம் செல்லும். அதன்பின் சாம்பலைச் சேர்த்து, ஆறவைத்து, உலோகத் துண்டுகளை அகற்றி, எஞ்சிய எலும்பை அரைத்துப் பேழையில் இடவேண்டும். உடல் உள்ளே சென்ற கணத்திலிருந்து பேழை வெளியே வரும்வரை பெயர்ச்சீட்டு அதனுடனேயே பயணிக்கவேண்டும். ஒருவரின் சாம்பல் இன்னொரு குடும்பத்தின் கைக்குச் சென்றுவிட்டால் அந்தத் தவறைத் திருத்த இவ்வுலகில் வழியே இல்லை. இருவர் பார்க்கவேண்டிய வேலையை ஒருவரிடம் விடும்போது குறைக்கப்படுவது இந்தச் சரிபார்ப்பேயாகும். மேலும், தகனக் கட்டணம் பல சபைகளுக்கு வருமானம் தரும் வழியாகவும் உள்ளது. வருமானம் தரும் பிரிவிலேயே ஆட்களைக் குறைப்பதைச் சிக்கனம் என்று கூறமுடியுமா?

ஆட்குறைப்பின் சுமை எல்லோர் மீதும் ஒரேயளவில் விழுவதில்லை என்பதையும் நாம் வலியுறுத்த விரும்புகின்றோம். இரண்டு வாரங்கள் கழித்து இறுதிக்கிரியை நடத்தும் வழக்கமுள்ள சமூகத்துக்கு ஒருநாள் தாமதம் பெரிதாகப் புலப்படாது. ஜனாஸாவைத் தாமதமின்றி நல்லடக்கம் செய்வதை மார்க்கக் கடமையாகக் கொண்ட முஸ்லிம்களுக்கும், அதே கடப்பாடு உடைய யூதர்களுக்கும் அது பெருந்துயர். ஆளணி குறையும்போது முதலில் நிறுத்தப்படுவது வாரஇறுதிச் சேவையும் மாலைநேரச் சேவையுமேயாகும். வெள்ளிக்கிழமை மாலை இறந்தவர் திங்கட்கிழமை வரை காத்திருக்க நேரிடுவதை எந்தப் பத்திரிகையும் தலைப்புச் செய்தியாக்குவதில்லை.

வட இலண்டனின் மரண விசாரணை அதிகாரி ஒருவர், மதக் காரணங்களுக்காக எந்த உடலுக்கும் முன்னுரிமை வழங்கமுடியாது என்று வகுத்த விதியை 2018 ஏப்ரலில் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் சட்டவிரோதமானதெனத் தீர்ப்பளித்தது. யூத அடக்கச் சங்கம் ஒன்று தொடுத்த அவ்வழக்கின் பயன் முஸ்லிம்களுக்கும் கிடைத்தது. எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்துவது மட்டுமே சமத்துவமாகிவிடாது என்பதை அத்தீர்ப்பு உணர்த்தியது. ஆனால், தீர்ப்பு எவ்வளவு நல்லதாயினும் ஞாயிற்றுக்கிழமை காலையில் குழி வெட்ட ஓர் ஆள் இருந்தாலே அது பயன்தரும்.

நமது நாட்டுக்கும் உரிய பாடம்

இவை யாவும் எங்கோ நிகழ்ந்தவை என்று நாம் இருந்துவிட முடியாது. நல்லடக்கம் மறுக்கப்படுவதன் வலியை இந்நாட்டு முஸ்லிம்கள் அண்மைக் காலத்தில் அனுபவித்தவர்கள். 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி, கொவிட் தொற்றினால் இறந்தோரைத் தகனம் செய்வதைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் கூறியபோதும் பத்து மாதங்கள் அது நீடித்தது. 2021 பெப்ரவரியில் அனுமதி கிடைத்தபின், மார்ச் 5 ஆம் திகதி ஓட்டமாவடி மஜ்மா நகரில் நல்லடக்கங்கள் தொடங்கின. ஓராண்டு காலத்தில் அங்கு 3,600க்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டனர். அவர்களில் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். ஏனைய சமயத்தவரும் உளர். 2024 யூலையில் கட்டாயத் தகனத்துக்காக அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவு செய்தது.

அந்த நாட்களில் நாட்டின் நாலாபுறத்திலிருந்தும் வந்த ஜனாஸாக்களை ஏற்றுக் குழிகளில் இறக்கிய கைகள் யாருடையவை? உள்ளூராட்சி சபையின் தொழிலாளரும் ஊர்த் தொண்டர்களும் தொற்று அச்சத்தின் நடுவே அப்பணியைச் செய்தனர். அவர்களின் பெயர்களை நாம் அறியமாட்டோம். ஒரு சமூகத்தின் மார்க்க உரிமை இறுதியில் அவர்களின் மண்வெட்டியிலேயே தங்கியிருந்தது.

தமிழ்ச் சமூகமும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. காடாற்றும் அந்தியேட்டியும் நாள் தவறாமல் நடைபெற வேண்டும் என்பதில் நாம் காட்டும் கண்டிப்பை, சுடலையில் விறகடுக்கி இரவெல்லாம் நெருப்பைக் காத்தவரின் வாழ்வில் காட்டினோமா? அந்தத் தொழிலைச் சாதியோடு பிணைத்து, வேலையை வாங்கிக்கொண்டு மனிதரை விலக்கி வைத்தோம். அது உள்ளூராட்சி சபையின் ஊதியத் தொழிலாக மாறியமை அவர்களைப் பொறுத்தவரை ஒரு விடுதலையுமாகும். நிரந்தர நியமனமும் ஓய்வூதியமும் அதன் அடையாளங்கள். 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின்னர் அரசாங்க ஆட்சேர்ப்பு கட்டுப்படுத்தப்பட்ட சூழலில், ஓய்வுபெறுபவரின் வெற்றிடத்தை நிரப்பாமல் விடுவதும் நாட்கூலிக்கு அமைய ஊழியரைப் பிடிப்பதும் எங்கும் எளிதான வழியாகத் தோன்றும். அறிவித்துச் செய்யும் ஆட்குறைப்பைவிட அறிவிக்காமல் நிகழும் இந்த ஆட்குறைப்பே ஆபத்தானது.

செய்யவேண்டியது என்ன?

மயானப் பணியாளரின் பகிஷ்கரிப்பைத் தடைசெய்து விடுவதே தீர்வு என்போர் உளர். இலங்கையில் 1979 ஆம் ஆண்டின் 61 ஆம் இலக்க அத்தியாவசிய பொதுச் சேவைகள் சட்டம் அதற்கு ஏற்கெனவே வழிசெய்கின்றது. 1980 யூலை வேலைநிறுத்தத்தில் சுமார் 40,000 பேர் வேலையிழந்ததையும் நாம் மறக்கவில்லை. வாயை அடைப்பதனால் குறை தீர்ந்துவிடுவதில்லை. பிரேசில் நாடு தனது 1989 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இறுதிக்கிரியைச் சேவையை அத்தியாவசிய சேவைகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. ஆயினும், பகிஷ்கரிப்பு உரிமையைப் பறிக்காமல், இன்றியமையாத தேவையை நிறைவேற்றும் பொறுப்பைத் தொழிலாளருக்கும் வேலைகொள்வோருக்கும் பொதுவில் வைத்தது. உரிமை கட்டுப்படுத்தப்படும் இடத்தில் பக்கச்சார்பற்ற, விரைவான நடுத்தீர்ப்பு வழங்கப்படவேண்டும் என்பது சர்வதேச தொழில் தாபனத்தின் நிலைப்பாடாகும்.

எனவே, மயானங்களிலும் தகனசாலைகளிலும் ஆளணியில் கைவைக்க விரும்பும் எந்தச் சபையும், தீர்மானம் எடுப்பதற்கு முன்பே தொழிற்சங்கங்களுடனும் பள்ளிவாசல், ஆலய, திருச்சபைப் பிரதிநிதிகளுடனும் பேசவேண்டும். பிணக்கு மூண்டாலும் நிறுத்தப்படாத சேவைகள் எவை என்பது அமைதிக் காலத்திலேயே எழுத்தில் உடன்பட்டிருக்க வேண்டும். குழந்தைகளின் உடல்கள், தொற்றுநோயால் இறந்தோர், மார்க்கக் கடமையினால் தாமதிக்கலாகாத ஜனாஸாக்கள் ஆகியன அதில் முதலிடம் பெறவேண்டும். அந்தச் சேவையைப் படையினரையோ தொண்டரையோ கொண்டு நிறைவேற்றாமல், தொழிற்சங்கமே தன் உறுப்பினரைக் கொண்டு நடத்துவதே சிறந்தது. அவ்வாறு செய்யும் சங்கம் மக்களின் அனுதாபத்தையும் இழக்காது. இதற்கு ஈடாக, காலவரையறை குறித்த நடுத்தீர்ப்புக்குச் சபை கட்டுப்பட வேண்டும். தொழிலாளியின் கையை மட்டும் கட்டிவிட்டு வேலைகொள்வோரைக் காலவரையின்றி இழுத்தடிக்க விடுவது நீதியாகாது.

நம் கூத்து மேடைகளில் அரிச்சந்திர மயான காண்டத்தைப் பார்த்து அழாதவர் இல்லை. நடிகமணி வி. வி. வைரமுத்து அதனை நடித்தபோது யாழ்ப்பாணக் கிராமங்கள் விடியும்வரை விழித்திருந்தன. பெற்ற பிள்ளையின் உடலோடு வந்த சந்திரமதியிடம், எசமானுக்குரிய முழத்துண்டும் கால்பணமும் தந்தாலன்றித் தகனம் இல்லை என்று மயானக் காவலன் மறுத்து நிற்கின்றான். அவனை நாம் கொடியவன் என்று வெறுக்கவில்லை. கட்டணத்தை விதித்தவன் அந்த இரவில் அங்கு இல்லை என்பதும், வாயிலில் நிற்பவன் கூலிக்குக் கட்டுண்டவன் என்பதும் நமக்குத் தெரிந்திருந்தது.

இன்றும் துயருற்ற குடும்பங்கள் மயான வாயிலில் காண்பது காவலனை மட்டுமே. ஆளணியை வெட்டிய தீர்மானம் எங்கோ ஒரு சபை மண்டபத்தில் கைதூக்கி நிறைவேற்றப்பட்டிருக்கும். நியாயம் கேட்பவர்கள் அந்த மண்டபத்தின் கதவையும் தட்டவேண்டும் என்பதே நமது வேண்டுகோளாகும்.